எட்டு அங்குலம்

பழைய விதியில் ஒரு வரி இருந்தது:
இருக்கையை உயர்த்தும் மோட்டார்
மருத்துவத் தேவை அல்ல, வசதி.
பதினொரு வருடம்
அந்த வரியை வீடு வீடாகப் போய்ப்
படித்துக்காட்டியவன் நான்.
சக்கர நாற்காலி பொருத்துகிறவன்.
ஊர் பியூட், மொன்டானா.
தாமிரம் தோண்டித் தோண்டி
பாதி ஊர் குழியாகிப்போன இடம்.

முன்னால் போக மெடிகேர் பணம் தரும்.
பின்னால் வரத் தரும்.
கட்டிலிலிருந்து கழிப்பறை வரை
கதவில் முட்டி இடிக்காமல் போய்ச்சேரத் தரும்.
மேலே போகத் தராது.
மேலே என்பது
அவர்களுடைய வரைபடத்தில் இல்லாத திசை.

ஆர்டித் வுகோவிச்சின் சமையலறையில்
மேல்தட்டு வேறொரு நாடு.
கோப்பைகள், நீலக் கண்ணாடிக் கிண்ணம்,
திறக்காத ஒரு டின் மிளகு
எல்லாம் அவள் கால்கள் நின்றுபோன வருடம்
வைத்த இடத்தில் வைத்தபடி.
இறைச்சி புரட்டும் இடுக்கியால்
ஒருமுறை சர்க்கரை டப்பாவை எடுக்கப்போய்
தலையில் கொட்டிக்கொண்டாள்.
"மூன்று நாள் என் தலையில்
எறும்புகளுக்குக் கல்யாணம்" என்றாள்.

படிவத்தில் இதற்கு இடமில்லை.
படிவம் கேட்டது:
கடந்த ஆறு மாதத்தில் எத்தனை முறை விழுந்தீர்கள்?
விழாமலிருக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு
அதில் மதிப்பெண் கிடையாது.

மாற்றப் போகிறோம், கருத்துச் சொல்லுங்கள் என்று
அரசாங்கம் கேட்டபோது
ஆயிரக்கணக்கில் எழுதினார்கள்.
ஆர்டித்தும் எழுதினாள், ஒரே ஒரு வாக்கியம்:
ஒன்பது வருடமாக நான்
மனிதர்களின் பெல்ட் கொக்கிகளோடு
பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு திங்கட்கிழமை
கடை முதலாளி நோரீன்
அச்சடித்த தாள்களோடு வந்து
ஒன்றும் சொல்லாமல் என் மேசையில் போட்டாள்.
வசதி என்ற சொல்லைக் காணோம்.
கட்டிலுக்கு மாறுதல், கை எட்டுதல்,
தகுந்த மதிப்பீடு, மருத்துவர் கையொப்பம்.
பெல்ட் கொக்கி எங்கேயும் இல்லை.
இரண்டு தடவை தேடினேன்.

அன்று மாலையே லெஸ்டர் டூஹி கூப்பிட்டார்.
இரண்டு வருடம் முன்பு
தன் டிரக்கை விற்று
அதே மோட்டாரைக் கைக்காசில் வாங்கியவர்.
"எனக்குத் திரும்பத் தருவார்களா?"
நாற்காலி பின்னால் வரும், லெஸ்டர்.
விதி வராது.
இப்படிச் சொல்லவில்லை.
விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.
கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம்.
பிறகு கேட்டார்,
அந்த மாதிரி டிரக் இப்போது என்ன விலை போகிறது என்று.

ஆர்டித்துக்கும் உடனே வந்துவிடவில்லை.
ஒரு தாளில் தேதி தவறு.
ஒரு தாளில் தேதியே இல்லை.
சிறப்பு மருத்துவரைப் பார்க்க
மிஸூலா வரை பனியில் இரண்டு பயணம்.
ஐந்து மாதம்.

பிப்ரவரியில் பொருத்தினேன்.
எட்டு அங்குலம் உயரும் என்கிறது கையேடு.
எட்டாதது எட்டும், அவ்வளவுதான்.
பொத்தானை அழுத்தினாள்.
மாவரைப்பது போல ஒரு சத்தம்.
ஏறினாள், ஏறினாள்,
கோப்பைகளைத் தாண்டிப் பார்க்காமல்
என் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"உன் இடது புருவத்தில் தழும்பு இருக்கிறதே" என்றாள்.
நாய்க்கடி. ஏழு வயதில்.
"ஒருநாளும் சொன்னதில்லை."
நீங்கள் கேட்டதில்லை என்றேன்,
சொன்ன பிறகுதான் உறைத்தது.

ஒப்படைப்புத் தாளை நீட்டினேன்.
கருவி திருப்திகரமாக இயங்குகிறது,
இங்கே கையெழுத்து.
அவள் வாங்கவில்லை.
குளிர்பெட்டியின் தலையில்
விரலை வைத்து ஒரு கோடு இழுத்தாள்.
விரல் கறுப்பாக வந்தது.

"இத்தனை பேர் வந்து போனீர்கள்.
ஒருத்தராவது சொன்னீர்களா?"

ஈரத்துணி எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.
"நீ தொடாதே" என்றாள்.
தாளைக் கையில் பிடித்தபடி
அவள் துடைத்து முடிக்கும் வரை
சுவரோரமாக நின்றேன்.